வேனுக்குள் வெதுவெதுப்பு

கோத்தகிரி
3.11.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். என் கால்கள் இரண்டும் நலமில்லை. அவை விறைத்துப்போய் ஒரு வாரம் ஆகிறது.

போனில் பேசினால் நமக்குள் சண்டை வருகிறது. வந்தால் நான் கத்துகிறேன், நீங்கள் "உம்" என்கிறீர்கள். கல்யாணமாகிப் பதினைந்து வருடமாகியும் அந்த "உம்" சம்மதமா மறுப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் கிளம்பும்போதே சொன்னேன், இனி கடிதம்தான் என்று. வெறும் "உம்" என்று எழுதி யாரும் தபால்தலை ஒட்ட மாட்டார்கள்.

வேன் மலை ஏறாது என்றீர்கள். ஏறிவிட்டது. மேட்டுப்பாளையம் வரை நானே ஓட்டினேன். அங்கிருந்து ஏற்றிப் போக மிஷன் ஆஸ்பத்திரி டிரைவர் சுப்புராயன் அண்ணன் வந்திருந்தார். கையில் தண்ணீர் கேனோடு வேனை இரண்டு முறை சுற்றி வந்தார். "ஏம்மா, இதுக்கு ரேடியேட்டர் எங்க?" என்றார். இது காற்றிலேயே ஆறுகிற எஞ்சின் அண்ணே, தண்ணீர் வேண்டாம் என்றேன். "தண்ணி குடிக்காத மாடா" என்று முனகிவிட்டு ஏறினார். நாலைந்து வளைவு தாண்டியதும் இரண்டு கார்கள் கொதித்துப்போய் ஓரமாக நின்றிருந்தன. நம் வேன் அவற்றைக் கடந்து போனபோது நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று இருந்தது.

வேலையும், அதற்கு நம் வேனையே வைத்துக்கொண்டதும் எனக்குப் பிடித்திருக்கிறது. பாகூர் பக்கம் நர்ஸாக ஊர் ஊராகப் போனதுபோலத்தான், ஆனால் இங்கே தேயிலை எஸ்டேட் குடியிருப்புகள், லைன் என்பார்கள். நானும் உதவிக்கு அமுதமும். நோயாளிகள் வேனுக்குள் ஏறி உட்காருவார்கள். பிரஷர், சர்க்கரை, குழந்தைகளுக்குத் தடுப்பூசி எல்லாம் உள்ளேயேதான். சிக்கல் என்னவென்றால் உள்ளே வெளியைவிடக் குளிர். நேற்று ஒரு பச்சைக்குழந்தையைத் தொட்டேன். என் கைக்குளிரில் அது ஊசியைப் பார்க்கும் முன்பே அலறிவிட்டது.

ஆஸ்பத்திரி நடத்தும் அறக்கட்டளைக்காரர்கள் டிசம்பர் 20 அன்று வந்து வேனில் ஒரு சுற்று வரப்போகிறார்கள். நோயாளியை உட்காரவைக்க முடியாத வண்டி என்று தோன்றினால் ரூட்டை நிறுத்திவிடுவார்களாம். ரூட் நின்றால் என் வேலையும் நின்றது. நான் தற்காலிகம்தானே.

முன்னால் சிவப்பாக ஒரு லிவர் இருக்கிறதே, ஹீட்டருக்கென்று, அது வெறும் அலங்காரமா? முந்திரித்தோப்பில் ஓணான் குடியிருந்த இந்த வேனை இழுத்து வந்து உயிர் கொடுத்தவர் நீங்கள். உங்களுக்குத் தெரியாமல் அதில் ஒரு திருகாணி கிடையாது. சொல்லுங்கள், நானே செய்துகொள்கிறேன். நீங்கள் வர வேண்டாம். வழியனுப்ப ஒரு வார்த்தை பேசாதவரை உதவிக்குக் கூப்பிடும் எண்ணம் எனக்கு இல்லை.

உங்கள்
ஜெயசித்ரா


வில்லியனூர்
8.11.2025

அன்புள்ள சித்ராவுக்கு,

கடிதம் கிடைத்தது. பட்டறைக்கே தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணனுக்குக் கடிதமா என்று மாரிமுத்து ஸ்பேனரைப் போட்டுவிட்டு வந்து நின்றான். அவனை அனுப்பிவிட்டுத்தான் பிரித்தேன்.

வழியனுப்பப் பேசவில்லை என்று எழுதியிருக்கிறாய். நாலு டயருக்கும் காற்று பார்த்தேன். ஆயில் மாற்றினேன். ஸ்டெப்னியைக் கழுவி வைத்தேன். வேறு என்ன பேச வேண்டும்?

இங்கே நல்ல மழை. சங்கராபரணியில் தண்ணீர் வருகிறது. பட்டறைக்குள் தவளை ஏறிவிட்டது. சமையல் நடக்கிறது, சாப்பிட்டுவிடுகிறேன். நாம் இரண்டு பேர் மட்டுமே இருந்த வீட்டில் ஒருத்தி போனால் பாதி போய்விடுகிறது என்பது இப்போதுதான் தெரிகிறது.

சூடு விஷயம். கதவு ரப்பர் தேய்ந்திருக்கும், மாற்றச் சொல். தரைக்குக் கயிற்றுப்பாய் போடு. லிவர் கேபிள் துருவேறி இறுகியிருக்கும். பின்சக்கரத்துப் பக்கம் வந்து முடியும் இடத்தில் எண்ணெய் விட்டு ஆட்டிப் பார். மற்றபடி அது வெயில் ஊருக்குப் பழகிவிட்ட வண்டி. அதிகம் எதிர்பார்க்காதே.

ரூட் நின்றாலும் குடி முழுகிவிடாது. பொங்கலுக்கு வீட்டில் இருப்பாய்.

அன்புடன்
கலைவேந்தன்


கோத்தகிரி
14.11.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் எழுதியதையெல்லாம் செய்தாயிற்று. ரப்பர் மாற்றியதில் காற்று உள்ளே வருவது நின்றது. கயிற்றுப்பாய் போட்டதும் வேனுக்கு ஒரு கல்யாண வீட்டுக் களை வந்துவிட்டது. கேபிளுக்கு மூன்று நாள் எண்ணெய் விட்டோம். இப்போது லிவரை இழுத்தால் அடியில் மூடி "டக்" என்று திறக்கிறது, என் காதாலேயே கேட்டேன். ஆனால் அந்தத் துவாரத்தில் கையை வைத்தால் காற்று கூட வரவில்லை. குளிர்ந்த காற்றாவது வரவேண்டாமா?

மேல் குடியிருப்பில் சின்னப்பிள்ளை என்று ஒரு அம்மா, கொழுந்து பறிப்பவர். ஏறி உட்கார்ந்ததும் "இது ஆஸ்பத்திரி வண்டியா, ஐஸ் வண்டியா?" என்று கேட்டார். ஸ்வெட்டரைக் கழற்றினால்தான் பிரஷர் பார்க்க முடியும். கழற்ற மாட்டேன் என்று இறங்கிப் போய்விட்டார். ஆஸ்பத்திரி நோட்டில் போன மாதம் அவருக்கு 180 இருந்தது. அவர் போனதில் எனக்கு ராப்பகலாக மனசு சரியில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தெருமுனையில் ஒரு வண்டி திரும்பும் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன நோய் என்று சொல்பவர் நீங்கள். இந்த முறை உங்கள் பதில் தாலுகா ஆபீஸ் பதில் மாதிரி இருந்தது. மழையா, உடம்பு சரியில்லையா? ரசத்துக்கு மிளகு கூடப் போடுங்கள்.

உங்கள்
ஜெயசித்ரா


வில்லியனூர்
19.11.2025

அன்புள்ள சித்ராவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

வேனுக்கடியில் பின்பக்கத்து எஞ்சினிலிருந்து முன்னால் வரை நீளமாக ஒரு குழாய் போகும். சூடு அது வழியாகத்தான் வரவேண்டும். அவ்வளவு தூரம் குளிரில் போவதால் வழியிலேயே ஆறிவிடும். கரும்பாலையில் நீராவிக் குழாய்க்குச் சுற்றுவார்களே, அந்தக் கம்பளி, பழைய இரும்புக் கடையில் நல்லதாகக் கிடைத்தது. பார்சல் அனுப்பியிருக்கிறேன். குழாய் முழுக்கச் சுற்றி, மேலே தகட்டுத்தாள் ஒட்டி, கம்பியால் கட்டச் சொல். வெறும் கையால் தொடாதே, அரிக்கும்.

வேறு விசேஷம் இல்லை. மாரிமுத்து வணக்கம் சொல்லச் சொன்னான்.

அன்புடன்
கலைவேந்தன்


வில்லியனூர்
1.12.2025

அன்புள்ள சித்ராவுக்கு,

உன் பதில் வருவதற்குள் இன்னொன்று எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்று குருவிநத்தம் செல்வகுமாரி பட்டறைக்கு வந்தாள். அவளுடைய இரண்டாவது பிரசவத்துக்கு வேனிலேயே கூட்டிப்போனாயே, அவள்தான். ஸ்கூட்டியை நிறுத்தியதும் முதல் கேள்வி, "இன்னாண்ணா, சித்ராக்கா எப்ப வரும்?"

"தை பொறந்தா வந்துடும்" என்றேன்.

"வேல பெர்மனன்ட் ஆனாலும் ஆவும்னு சொல்லிச்சே?"

"அதெல்லாம் ஆவாது. வந்துடும்."

"எப்டிண்ணா இவ்ளோ உறுதியா சொல்ற நீ? அது சொல்லிச்சா?"

கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன், கழற்றியதையே திரும்ப மாட்டினேன். உறுதி எங்கிருந்து வந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் போனபிறகு வேலை ஓடவில்லை.

விஷயம் இதுதான். அந்த நீளக் குழாய் அடைபட்டிருக்கிறது. அடைத்தது நான்.

2010 சித்திரையில் கல்யாணமான புதிதில் மயிலத்துக்குப் போனோம், ஞாபகம் இருக்கிறதா? அப்போது ஹீட்டர் மூடி சரியாக மூடாது. எஞ்சின் சூடெல்லாம் முன்னால் வந்து உன் காலில் அடித்தது. வெளியே வெயில், உள்ளே அடுப்பு. "கால் வேவுது மாமா" என்று இரண்டு காலையும் தூக்கி முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டாய். திண்டிவனம் ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று, பாவமாகவும் இருந்தது. மறுநாள் நீ கோயிலுக்குப் போன நேரத்தில் அடியில் படுத்து, குழாயின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கொட்டாங்குச்சியைச் சொருகி, லுங்கித் துணி சுற்றி, தார் பூசிவிட்டேன். அடுத்த முறை போனபோது, "இன்னிக்கு வெயிலே இல்ல மாமா" என்றாய். கத்திரி வெயில் அன்று. உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதைக் கெடுப்பானேன் என்று சொல்லாமல் விட்டேன். பிறகு சொல்ல மறந்தேன். நம் ஊரில் ஹீட்டரை யார் தேடப்போகிறார்கள்?

ஆனால் இப்போது மறக்கவில்லை, சித்ரா. உன் முதல் கடிதத்தில் சிவப்பு லிவர் என்று படித்த உடனேயே கொட்டாங்குச்சி கண்ணுக்கு முன்னால் வந்தது. வேனில் சூடு வந்தால் நீ அங்கேயே இருந்துவிடுவாய். வராவிட்டால் இங்கே வந்துவிடுவாய். அதனால் ரப்பர், பாய், கம்பளி என்று எழுதிக்கொண்டிருந்தேன். அந்தச் சின்னப்பிள்ளை அம்மா ஸ்வெட்டரோடு இறங்கிப் போனார் என்று படித்த பிறகும் எழுதவில்லை. அதுதான் என்னை அரிக்கிறது.

இன்னொன்று, இது முக்கியம். அடைப்பை எடுத்தவுடன் வண்டியை ஓட்டாதே. எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் ஹீட்டர் பாக்ஸ் இருக்கிறது. புகை போகும் சூடான குழாயைச் சுற்றிய தகரப்பெட்டி. அதில் காற்று பட்டுச் சூடாகித்தான் உள்ளே வரும். குழாய் அடைபட்டிருந்ததால் அதை நான் பதினைந்து வருடமாக மாற்றவேயில்லை. துருவில் ஓட்டை விழுந்திருந்தால் சூட்டோடு சைலன்சர் புகையும் உள்ளே வரும். அது என்ன செய்யும் என்று நர்ஸுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

திட்டி எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

கலைவேந்தன்


கோத்தகிரி
1.12.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பார்சல் வந்தது. கம்பளிக்கு நன்றி. அதைச் சுற்றப் போனதில்தான் இன்று ஆஸ்பத்திரி முற்றத்தில் ஒரு நாடகம் நடந்தது.

சுப்புராயன் அண்ணன் அடியில் படுத்துக் குழாயைத் துடைத்துக்கொண்டே ஸ்பேனரால் தட்டிப்பார்த்தார். கணீர் கணீர் என்று வந்த சத்தம் இரண்டு முனையில் மட்டும் மொத்தென்று கேட்டது. "எதையோ முழுங்கியிருக்கு" என்றார். குழாயைக் கழற்றிக் கம்பியால் குத்தி இழுத்தால், கன்னங்கரேலென்று தார் பூசி, துணி சுற்றிய ஒரு உருண்டை வந்து விழுந்தது. மறுபக்கம் இன்னொன்று. பாதிப்பாதியாய் இரண்டு கொட்டாங்குச்சி.

அமுதம் அலறிக்கொண்டு ஓடினாள். யாரோ வேனுக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஆஸ்பத்திரி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. சுப்புராயன் அண்ணன் ஒரு எலுமிச்சம்பழம் வரும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று அடியிலேயே படுத்துக்கொண்டார். டாக்டரம்மாவே ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார். நான் அந்தத் துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்தேன். நீலக் கட்டம். நம் கல்யாணத்துக்கு என் அண்ணன் உங்களுக்கு எடுத்துக்கொடுத்த லுங்கி. தொலைந்துவிட்டது என்று சொல்லி என்னைக் கொடி கொடியாகத் தேடவைத்தீர்கள்.

செய்வினை வைத்தது என் புருஷன்தான் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

குழாயை மாட்டி எஞ்சினை ஓட்டினோம். அரை மணியில் கதகதவென்று சூடு வந்தது மாமா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அமுதம் தலையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் நெற்றிப்பொட்டில் ஒரு இறுக்கம். புகை வாடை பெரிதாக இல்லை, இருந்தாலும் உடனே எல்லோரையும் இறக்கிக் கதவுகளைத் திறந்துவிட்டேன். சைலன்சர் புகை கலக்கிறது, எனக்குச் சந்தேகமே இல்லை. வேறு வழி தெரியாமல் உங்கள் கொட்டாங்குச்சிகளை நானே திரும்பச் சொருகினேன். என் கையாலேயே தார் பூசினேன்.

இப்போது ஒரே ஒரு கேள்வி. அடைத்தீர்கள், சரி. அது அங்கே இருக்கிறது என்று உங்களுக்கு ஞாபகம் இருந்ததா? ஆமா, இல்லை என்று எழுதுங்கள். "உம்" வேண்டாம்.

ஜெயசித்ரா


கோத்தகிரி
5.12.2025

மாமா,

என் கேள்வி உங்களிடம் வருவதற்கு முன்பே உங்கள் பதில் புறப்பட்டிருக்கிறது. ஒரே தேதி. அந்த ஒன்றுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குக் கோபம். நிறையக் கோபம். வேலைக்குப் போகாதே என்று நேராகச் சொல்லியிருந்தால் நேராகச் சண்டை போட்டிருப்பேன். குளிரை ஏவிவிட்டு என்னைத் திருப்பிக் கூட்டிவரப் பார்த்தீர்களே, அதுதான் பொறுக்கவில்லை. நான் விறைத்தால் பரவாயில்லை. அந்தப் பச்சைக்குழந்தைகள் உங்களுக்கு என்ன செய்தன?

மயிலத்துக் கதையை மட்டும் மூன்று முறை படித்தேன். அமுதத்துக்கும் படித்துக்காட்டினேன். அவள் அழுகிறாள், அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. எனக்கு அந்தப் பயணம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இரண்டாவது முறை வெயில் இல்லை என்று நான் சொன்னபோது நீங்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தீர்கள். ஏன் என்று அப்போது கேட்கவில்லை.

நீங்கள் என்னிடம் திரும்பி வா என்று ஒரு முறைகூடச் சொன்னதில்லை. இந்தக் கடிதத்திலும் சொல்லவில்லை. நான் இல்லாமல் இருக்க முடியவில்லை என்றால் அதை எழுதலாம். அதைப் படித்தால் நான் ஒன்றும் செத்துவிட மாட்டேன்.

இனிக் கடிதம் வேண்டாம். ஓட்டையில்லாத ஹீட்டர் பாக்ஸ் இரண்டு வேண்டும். 20ஆம் தேதிக்குள் வேண்டும். பார்சலில் வந்தாலும் சரி, யாராவது கொண்டுவந்தாலும் சரி.

ஜெயசித்ரா


வில்லியனூர்
9.12.2025

அன்புள்ள சித்ராவுக்கு,

நீ இல்லாமல் இருக்க முடியவில்லை. எழுதிவிட்டேன்.

ஹீட்டர் பாக்ஸ் புதிதாக எங்கும் கிடைக்கவில்லை. சென்னையில் ஒருவர் நான்கு மாதம் ஆகும் என்றார். பிறகு திருக்கனூரில் நம் வேன் மாதிரியே ஒன்று கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வீரப்பன் என்பவருடைய வீட்டுப் பின்னால் கிடந்தது. சக்கரமில்லை, கண்ணாடியில்லை. பன்னிரண்டு கோழியும் ஒரு சேவலும் குடித்தனம். வீரப்பன் "பொட்டிய எடுத்துக்கோப்பா, கோழிக்கு இன்னாத்துக்கு ஹீட்டரு" என்றார். கோழிகள் ஒத்துக்கொள்ளவில்லை. கையில் நாலு இடத்தில் கொத்து.

பெட்டிகளைச் சுரண்டிக் கழுவி, ஒரு பக்கம் அடைத்து, தண்ணீர் நிரப்பி அரை நாள் வைத்தேன். ஒன்று அப்படியே நின்றது. மற்றதில் வேர்வை மாதிரி கசிந்தது. பற்றவைத்து மறுபடி நிரப்பினேன். இப்போது சொட்டில்லை.

பார்சலில் அனுப்பமாட்டேன். நசுங்கிவிடும். சனிக்கிழமை காலையில் நானே கொண்டுவருகிறேன். வர வேண்டாம் என்று நீ முதல் கடிதத்தில் எழுதியதை மறக்கவில்லை. கேட்டில் நிற்கிறேன். வேனை வெளியே அனுப்பிவை, மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். புகைவாயு வந்தால் கத்துகிற சின்னக் கருவி ஒன்று விற்கிறதாமே, டாக்டரம்மாவிடம் சொல்லி அதை வாங்கிவை. என் வேலையை நம்பாதே, அதை நம்பு.

கலைவேந்தன்


கோத்தகிரி
26.12.2025

அன்புள்ள மாமாவுக்கு,

போனிலேயே சொல்லியிருக்கலாம். நீங்கள் மாரிமுத்துவைத் துரத்திவிட்டு உட்கார்ந்து படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். முதலில் நல்ல செய்தி. ரூட் நிற்கவில்லை. வேலை நிரந்தரம். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

20ஆம் தேதி அறக்கட்டளையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கோட்டு, மப்ளர், குல்லாய் சகிதம் ஏறினார்கள். முதல் குடியிருப்பில் மப்ளர் கழன்றது, இரண்டாவதில் குல்லாய், நான்காவதில் கோட்டு. பெரியவர் இறங்கும்போது கோட்டை வேனிலேயே மறந்துவிட்டுப் போனார். சுப்புராயன் அண்ணன் பின்னாலேயே ஓடிக் கொடுத்தார். நீங்கள் மாட்டிய அந்தக் கருவி நாள் முழுக்க வாய் திறக்கவில்லை.

இப்போது எனக்கு வேறு தொல்லை. நோயாளிகள் இறங்க மாட்டேன் என்கிறார்கள். சின்னப்பிள்ளை அம்மா ஸ்வெட்டரைக் கழற்றிப் பிரஷர் பார்த்துக்கொண்டார், 150. மாத்திரை வாங்கினார். பிறகு அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டார். எழுப்பினால், "அடுத்த லைன் வரைக்கும் வர்றேன், அங்க எனக்கு ஒரு வேலை இருக்கு" என்கிறார். ஒரு வேலையும் கிடையாது. வியாதியே இல்லாத ஆட்களெல்லாம் வரிசையில் நிற்கிறார்கள். என்ன செய்கிறது என்று கேட்டால் "குளிருதும்மா" என்கிறார்கள். நோட்டில் நான் என்ன நோய் என்று எழுதுவது?

அன்று அலறிய அந்தக் குழந்தைக்கு இரண்டாவது ஊசி போட்டேன். ஊசிக்கு மட்டும்தான் அழுதது.

உங்களைப் பற்றி ஆஸ்பத்திரியில் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்டுக்கு வெளியே ஒரு மனுஷன் இரண்டு தகரப்பெட்டியோடும் கோழி கொத்திய காயத்துக்குப் போட்ட கட்டோடும் நின்றதை வாட்ச்மேன் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். ஒரு நாள் வேலை என்று வந்து ஐந்து நாள் இருந்தீர்கள். ஐந்து நாளில் ஒரே ஒரு சண்டை, அதுவும் ரசத்துக்கு. நான் கத்தினேன், நீங்கள் பதிலுக்குக் கத்தினீர்கள். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? நீங்கள் போன மறுநாள் வீடு பெரிதாகிவிட்டது. நானும் எழுதிவிட்டேன், சரிதானே.

இனி வருவது அலுவலகச் செய்தி. சுப்புராயன் அண்ணனுக்கு முட்டிவலி. மார்கழியோடு ஓய்வு பெறுகிறார். வேனுக்கு டிரைவர் தேவை. தண்ணீர் ஊற்றாத எஞ்சினைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவராக இருந்தால் முன்னுரிமை என்று டாக்டரம்மா அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார். விண்ணப்பங்களைப் பார்த்து ஆள் எடுப்பது ரூட் பொறுப்பாளரின் வேலை. அந்தப் பொறுப்பாளர் இப்போது நான்தான். சிபாரிசு, சொந்தம், பந்தம் எதுவும் செல்லாது. எல்லோரையும் போல எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். குறைகளை மறைக்காமல் எழுத வேண்டும். இதுவரை இரண்டு பேர் கொடுத்திருக்கிறார்கள். ஒருவருக்கு எஞ்சின் பின்னால் இருக்கிறது என்பதே தெரியவில்லை.

உங்களுக்குப் பட்டறை இருக்கிறது. அதை விட்டு வாருங்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. நான் வேலைக்காக வந்ததுபோல நீங்கள் பட்டறைக்காக இருக்கலாம். எது எழுதினாலும் இந்த முறை கோபப்பட மாட்டேன். ஆனால் எழுதுங்கள்.

உங்கள்
ஜெயசித்ரா


அனுப்புநர்:
கலைவேந்தன், மெக்கானிக்,
வில்லியனூர்.
5.1.2026

பெறுநர்:
பொறுப்பாளர் அவர்கள்,
நடமாடும் மருத்துவ வேன்,
கோத்தகிரி.

பொருள்: டிரைவர் வேலை கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். தங்கள் அறிவிப்பைக் கண்டு விண்ணப்பிக்கிறேன். எனக்கு வயது நாற்பத்திரண்டு. கனரக உரிமம் உள்ளது. கண்பார்வை நன்று, அரிசியில் கல் பொறுக்க மட்டும் தெரியாது.

தற்போது பட்டறை நடத்திவருகிறேன். கோத்தகிரியில் இருந்த ஐந்து நாளில் வாடிக்கையாளர் ஒருவர்கூட என்னைத் தேடவில்லை என்று என் கூட்டாளி மாரிமுத்து தெரிவிக்கிறான். "நீ போண்ணா, நான் பாத்துக்குறேன், எப்பயாச்சும் வந்து குறை சொல்லிட்டுப் போ" என்கிறான். அவன் இதை எவ்வளவு மகிழ்ச்சியோடு சொன்னான் என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனாலும் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

குறைகளை மறைக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். அதிகம் பேசமாட்டேன். கேட்டால் மழுப்புவேன். சென்ற நவம்பரில் முக்கியமான ஒன்றைத் தெரிந்தே ஒரு மாதம் மறைத்தேன், அதனால் பலர் குளிரில் வாடினார்கள். இனி அப்படிச் செய்யமாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். கோபம் வந்தால் கத்தப் பழகிவருகிறேன்.

சம்பளம் தாங்கள் கொடுப்பது. குடியிருப்பு தனியாக வேண்டாம். ஏற்கெனவே ஐந்து நாள் இருந்த இடம் போதும், அங்கே பாதி இடம் காலியாக இருப்பதாகத் தெரிகிறது. தை பிறந்த மறுநாள் வேலையில் சேரத் தயார்.

விண்ணப்பத்தின் கடைசியில், என்னை நன்கு அறிந்த ஒருவரின் பெயரைத் தர வேண்டுமாம். யோசித்துப் பார்த்தேன். என் வேலையும் தெரிந்து, நான் சொன்ன பொய்யும் தெரிந்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். ஜெயசித்ரா, நர்ஸ், கோத்தகிரி. அவரிடம் விசாரித்துக்கொள்ளவும். அவர் வேண்டாம் என்றால் சரி. வா என்று சொல்லிவிட்டால், அம்மையீர், பிறகு யார் போகச் சொன்னாலும் நான் போகமாட்டேன்.

இப்படிக்கு,
கலைவேந்தன்